அதிர்ச்சி தாங்கியின் இறுக்கம்

விரைவுக் கார் வைத்திருக்கும் நம் இளைஞர் பலர், அதிர்ச்சி தாங்கியை, பட்டறைச் சொல்லில் ஷாக் அப்சார்பரை, முழுவதும் இறுக்கிவிட்டால் வண்டி சாலையைக் கவ்விப் பிடிக்கும் என எண்ணுகின்றனர். சான்பாடாவில் வாழும் நாம் இதனைச் சற்றே ஆராய்வோம்.

காரின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது, தாங்கியினுள் சிறு துளைகள் வழியே பாயும் எண்ணெய். வளைவில் திரும்பத் தொடங்கும் கணத்தில் பாரம் வெளிப்புறம் சாய்கிறது. அப்போது முன்புறத் தாங்கிகள் மிக இறுகியிருந்தால் கார் திரும்ப மறுத்து நேரே செல்லும். பின்புறம் இறுகியிருந்தால் வால் வெளியே வீசும். எனவே, பிடியை முதலில் இழக்கும் முனையையே தளர்த்துதல் வேண்டும். டயர்க் காற்றைச் சரிபார்த்த பின்னர், ஒரு முறைக்கு ஓரிரு ‘கிளிக்’ மட்டும், இடமும் வலமும் ஒன்றுபோலத் திருகி, பந்தயத் தடத்தின் அதே வளைவில் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். பாம் பீச் சாலை அதற்குரிய இடமன்று!

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட தடத்தின் செப்பமான தளத்திற்கு ஏற்ற இறுக்கம், மழைக்காலத்துச் சயான்–பன்வேல் நெடுஞ்சாலைக்கு ஏலாது. குழியில் விழுந்தெழுந்து துள்ளிய சக்கரம் தரையைத் தொடாத அக்கணத்தில் பிரேக்கும் பயன்படாது, ஸ்டியரிங்கும் பயன்படாது. தடத்தைவிட்டுப் புறப்படுமுன் திருகைத் தளர்த்திவிட்டே வீடு திரும்புவோம்.