வானிலிருந்து வயலைப் பார்த்தல்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தாவரவியலும் பொது விஞ்ஞானமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையில் பலமுறை நடத்திய ஒரு பாடத்தில் நானே தேர்ச்சி பெறாமற்போன கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அக்கதையில் வரும் கருவி, ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம். 'டிரோன்' என்று நீங்கள் அதனை அறிவீர்கள். திருமண வீடுகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் வண்டுபோல் ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கும் அதே கருவிதான். இப்பொழுது அஃது உழவருடைய கழனிகளின் மேலும் பறக்கிறது. அங்கே அதற்கு என்ன வேலை என்பதை முதலில் காண்போம்.

வரப்பில் நிற்கும் உழவனுக்கு அருகிலுள்ள சில வரிசைப் பயிர்களே தெளிவாகத் தெரியும். பயிர் தூர்கட்டி அடர்ந்துவிட்டால், நடுவயலில் நடப்பதை அறிவது எளிதன்று. ஆதலால் வயல் முழுவதற்கும் ஒரே அளவாக உரமிடுவதும் ஒரே அளவாக மருந்தடிப்பதும் வழக்கமாயின. ஆனால் ஒரே வயலில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு; களிமண்ணும் உண்டு, மணற்பாங்கும் உண்டு. இடத்துக்கு இடம் தேவையறிந்து இடுவதே துல்லிய வேளாண்மை. அதற்கு, இடத்துக்கு இடம் பயிரின் நிலையைக் காட்டும் படம் ஒன்று வேண்டும்.

அப்படத்தை எடுக்க ஒளியின் இயல்பு துணைசெய்கிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் உட்கொண்டு, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி ஒன்று உண்டு. அதனைக் காண விரும்பினால், தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டைக் கைப்பேசியின் முன்புறக் கேமராவுக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு இருளாக இருக்கும் அதன் முனை, பல கைப்பேசிகளின் திரையில் மினுக்கென்று ஒளிரும். நலமான இலை இந்த அகச்சிவப்பில் ஏறக்குறையப் பாதியை எதிரொளிக்கிறது. இலையினுள் இருக்கும் உயிரணுக்களும் காற்றிடைவெளிகளும் அவ்வொளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணம். இலை நலிவுறும்போது அகச்சிவப்பு குறைகிறது. பச்சையம் குறைவதால் சிவப்பு மிகுதியாகத் திரும்புகிறது.

இவ்விரண்டையும் கொண்டு விஞ்ஞானிகள் ஒரு குறியீடு வகுத்துள்ளனர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அதனை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். செழித்த பயிர் அகச்சிவப்பில் 100க்கு 50ம், சிவப்பில் 8ம் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 42ஐ 58ஆல் வகுத்தால் 0.72 கிடைக்கும். நலிந்த பயிரில் அவை 30ம் 15ம் ஆயின், 15ஐ 45ஆல் வகுக்க 0.33 வரும். இவ்வெண்களுக்கு நிறம் கொடுத்து, செழித்த இடத்தைப் பச்சையாகவும் நலிந்த இடத்தை மஞ்சளாகவும் சிவப்பாகவும் வரைந்துவிடுகிறார்கள். அதுவே பயிர்ப்படம்.

இம்முயற்சி நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோய் என்றொரு நோய் உண்டு. மரத்தை உடனே கொன்றுவிடாது. ஆண்டுக்கு ஆண்டு நலிவித்துக் காய்ப்பைக் குறைத்துவிடும். 1970ஆம் ஆண்டில் ஹெலிகாப்டரில் ஏறிச் சென்று, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் படச்சுருளில் அத்தென்னந்தோப்புகளைப் படம் பிடித்தார்கள். நலமான மரங்கள் அப்படத்தில் சிவந்து தோன்றும்; நோயுற்றவை நிறம் வேறுபட்டு நிற்கும். இச்சோதனையை நடத்தியவர் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற பி. ஆர். பிஷாரடி அவர்கள். இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று அவரைப் போற்றுகின்றனர்.

பின்னர் 1988 மார்ச்சு 17ஆம் நாள், ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணிற்சென்றது. அதன் கேமராக்களுள் ஒன்றுக்குத் தரையில் 72.5 மீட்டர் சதுரம் ஒரே புள்ளி. அஃதாவது, ஏறக்குறைய 1.3 ஏக்கர் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். மாவட்டம் முழுவதன் சாகுபடிப் பரப்பை அளக்க அது போதும். ஒரு சிறு குடியானவனின் வயலுக்குள் நுழைந்து பார்க்க அது போதாது. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 காணும் புள்ளி 10 மீட்டர் சதுரம். ஏறத்தாழ இரண்டரைச் சென்ட் நிலம். ஆயினும் சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் மறைத்தால் எந்தக் கேமராவும் வானுச்சியிலிருந்து வயலைப் பார்க்க இயலாது.

டிரோன் மேகத்துக்குக் கீழே பறக்கிறது. தரையில் சில சென்டிமீட்டர் அளவையும் அது பிரித்துக் காட்டும். ஏர் ஓட்டுபவர் சால் சாலாகப் போய்த் திரும்புவதுபோல, முன்னரே குறித்த கோடுகளில் அது போய்த் திரும்பும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் பெரும்பகுதியை மீண்டும் காட்டும்படி எடுக்கப்படுவதால், கணிப்பொறி அவற்றை இணைத்து ஒரே படமாக்கிவிடுகிறது. வெயில் ஏறியும் இறங்கியும் படத்தைக் கெடுக்காதிருக்க, எதிரொளிப்பு அளவு தெரிந்த பலகை ஒன்றைத் தரையில் வைத்து முதலில் அதனைப் படம் பிடிக்கிறார்கள். மழையிலும் பலத்த காற்றிலும் அது பறவாது. சிறிய டிரோன் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் மின்கலம் தீர்ந்து இறங்கிவிடும்.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

மன்னார்குடிக்கு அருகே என் தங்கை மகன் 5 ஏக்கரில் சாகுபடி செய்கிறான். 2022ஆம் ஆண்டுச் சம்பாவில், வாடகைக்கு டிரோன் அழைத்து வயலைப் படம் எடுத்தான். படம் முழுதும் பச்சை. வடமேற்கு மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு. "இதற்கு என்ன செய்யலாம், மாமா?" என்று கேட்டான். நான் படத்தைப் பார்த்தேன், வயலைப் பார்க்கவில்லை. "பச்சையம் குறைந்திருக்கிறது, தம்பி. தழைச்சத்துப் பற்றாக்குறைதான். அந்த மூலைக்கு மட்டும் யூரியா போடு" என்றேன்.

எங்கள் வயலில் நெடுங்காலமாக நடவு நடும் மூதாட்டி ஒருவர் அப்போது வரப்பில் நின்றிருந்தார். "வாத்தியார் ஐயா, இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வருகிறது. இது பசியால் வந்த மஞ்சளாகத் தெரியவில்லை" என்றார். நான் புன்னகை செய்தேன். அப்புன்னகையை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு நாணம் உண்டாகிறது.

பத்து நாட்களில் அத்திட்டு இருமடங்காயிற்று. வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து, காய்ந்த இலையின் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் இட்டார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை ஒன்று நீரில் இறங்கியது. அது பாக்டீரியா இலைக்கருகல் நோய். தழைச்சத்து மிகுந்தால் தீவிரமடையும் நோய் அது. பசியென்று எண்ணி நான் ஊட்டிய உணவு நோய்க்கே உணவாயிற்று. அந்த மூலையின் தண்ணீரை வடித்து, அது மற்ற வயல்களுக்குப் பாயாதபடி மடையை அடைத்து, உரத்தையும் நிறுத்தினோம். மற்ற பயிர் பிழைத்தது. அரை ஏக்கர் பெரும்பாலும் பதராகப் போயிற்று. என் தங்கை மகன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அடுத்த முறை சேர்ந்தே இறங்கிப் பார்ப்போம், மாமா" என்றான்.

மாணவர்களே, டிரோன் பொய் சொல்லவில்லை. அந்த மூலையில் பயிர் நலமாக இல்லை என்று அது சொன்னது, அது மெய்யே. உரக்குறைவும், நோயும், நீர் தேங்குதலும், நாற்று செத்துப் பயிர் கலைந்திருத்தலும் அப்படத்தில் ஒரே மஞ்சளாகத் தோன்றக் கூடும். எங்கே குறை என்பதைப் படம் காட்டும். ஏன் என்பதை இறங்கிப் பார்த்தே அறிய வேண்டும். தொலையுணர்வு அறிஞர்களும் படத்தைத் தரையில் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறுவர். அதனை நான் செய்யாது விட்டேன்.

மறு ஆண்டு மீண்டும் படம் எடுத்தோம். மீண்டும் ஒரு மஞ்சள் திட்டு, இம்முறை தெற்கே. கைப்பேசியில் படத்தை வைத்துக்கொண்டு, தங்கை மகனும் நானும் அம்மூதாட்டியுமாகச் சேற்றில் இறங்கினோம். 5 ஏக்கரையும் சுற்ற வேண்டியிருக்கவில்லை. நேரே அவ்விடத்துக்கே நடந்தோம். அங்கே தூர்கள் கத்தரித்தாற்போல் சாய்ந்து கிடந்தன. "எலி வெட்டு, ஐயா" என்றார் அவர், குனியாமலே. யூரியா மூட்டை அவிழ்க்கப்படவில்லை. அன்று மாலையே வரப்போரத்தில் தஞ்சாவூர்க் கிட்டிகள் வைக்கப்பட்டன.

உங்களில் சிலர் நாளை இக்கருவிகளைச் செய்வீர்கள்; சிலர் இயக்குவீர்கள்; சிலர் அவை தரும் படங்களை உழவர்க்கு விளக்கிச் சொல்லும் பணியில் அமர்வீர்கள். ஒளியின் பாடத்தையும் இலையின் பாடத்தையும் வகுத்தற் கணக்கையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். படத்தைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லுமுன், செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வயலில் இறங்குங்கள். அங்கே களை பறித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுங்கள்.