மறுக்கவும் கற்பிப்போம்
(ஒரத்தநாட்டில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



'எக்ஸ்பெரிமென்டர்' (2015) திரைப்படம் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமைப் பற்றியது. யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் அவர் சோதனைகளைத் தொடங்கினார். "தொடருங்கள்" என்று ஆய்வாளர் சொன்னதற்காகவே, 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி தருவதாக நம்பி விசையை அழுத்தினார்கள். உடனிருந்த இருவர் மறுத்தபோதோ, இறுதிவரை சென்றவர்கள் 40-இல் 4 பேரே.

நம் தஞ்சை மண்ணும் மறுத்திருக்கிறது. 1930-இல் ராஜாஜியுடன் வேதாரண்யம் நோக்கி நடந்த உப்புச் சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால் தண்டனை என்றார் கலெக்டர் தார்ன். மக்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்தார்கள்.

கீழ்ப்படிதலை நாம் தினமும் கற்பிக்கிறோம். "இது சரியில்லை, டீச்சர்" என்று ஒரு குழந்தை எழுந்தால், அதட்டாமல் காரணம் கேளுங்கள். அதைப் பார்க்கும் அடுத்த குழந்தைக்கும் துணிவு வரும்.