கீழ்த்தளத்து டிக்கெட்



டைட்டானிக் என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருவது அந்தப் பெரிய படிக்கட்டுதான். சினிமா செய்த வேலை அது. கப்பலில் போன மூன்றாம் வகுப்புப் பயணிகள் 700 பேருக்கு மேல். மற்ற இரண்டு வகுப்பாரையும் கூட்டினாலும் அவர்களே அதிகம். அந்தப் படிக்கட்டில் கால் வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பயணியர் கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில் நின்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. துறைமுகத்துச் சோதனைக் கொட்டகையில் தொடங்கினால் கதை வேறு மாதிரி வரும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1892இல் அங்கே காலராவில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டார்கள். எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்ட நகரம் அது. மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து ஆல்டோனாவில் சாவு மிகக் குறைவு. ஆனாலும் பழி விழுந்தது, அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ரஷ்ய யூதர்கள் தலையில்.

கப்பல் கம்பெனிகளுக்கு அதற்கு முந்தைய ஆண்டிலேயே வேறொரு கவலை வந்திருந்தது. அமெரிக்கா ஏற்க மறுக்கும் ஆளைக் கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றது 1891ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே போய்த் திரும்புவதைவிட, ஏற்றும் முன்பே வடிகட்டிவிடுவது மலிவு. ஹாம்பர்க்-அமெரிக்கா லைனை நடத்திய ஆல்பர்ட் பாலின் 1901இல் ஃபெடல் என்ற இடத்தில் திறந்த குடியேறிகள் விடுதிகளுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். உள்ளே நுழைந்தவர் முதலில் ‘அசுத்தப் பக்கம்’. குளிப்பு, மருத்துவர் பார்வை, மூட்டை முடிச்சுகளுக்குக் கிருமிநீக்கம் எல்லாம் முடிந்த பிறகே ‘சுத்தப் பக்கம்’. யூதர்களுக்குத் தனிச் சமையற்கட்டும் வழிபாட்டு அறையும் உண்டு. அக்கறையும் லாபமும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கடலுக்கு அந்தப் பக்கம் எல்லிஸ் தீவு. 1892இலிருந்து 1954 வரை ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் அதன் வழியே போனார்கள். மருத்துவர் கையில் பொத்தான் மாட்டும் சிறு கொக்கி. அதை வைத்து இமையைப் புரட்டி டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் ஆங்கில எழுத்து: கண்ணுக்கு ‘இ’, இதயத்துக்கு ‘எச்’, நொண்டினால் ‘எல்’. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு இந்த வரிசை கிடையாது. அவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். நோய்க்கிருமிக்கு டிக்கெட்டைப் படிக்கத் தெரியும் என்று நினைத்தார்கள் போலும்.

இன்றைய உல்லாசக் கப்பலும் அதே பாலினின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் ஆள் குறையும். கப்பல் சும்மா நிற்கும். 1891 ஜனவரியில் ஆகஸ்டா விக்டோரியா கப்பலில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார்கள். 1924இல் அமெரிக்கா குடியேற்ற ஒதுக்கீட்டை இறுக்கியதும் மூன்றாம் வகுப்பார் போன கீழ்த்தளம் காலியானது. அதே இடத்தைக் கொஞ்சம் சீர்செய்து, ‘டூரிஸ்ட்’ என்று பெயர் மாற்றி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றார்கள்.

வங்காள விரிகுடாவிலும் இதே கதைதான், படிக்கட்டு மட்டும் இல்லை. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் கொள்ளளவுள்ள அந்தக் கப்பலில் 5,000 டெக் பயணிகளுக்கு மேல் ஏற்றத் தொடக்கத்தில் அனுமதி இருந்தது. படுக்கை கிடையாது, பாய் விரித்த இடம்தான் சொந்தம், டிரங்குப் பெட்டிதான் எல்லைக்கல். நாகையில் கப்பல் தொலைவில் நங்கூரமிடும். படகில் போய் ஏற வேண்டும். இறங்கும் பக்கத்தில் பினாங்கருகே ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரருகே செயின்ட் ஜான்ஸ் தீவு. அந்தத் தீவுகளின் தொற்றுத் தடுப்பு முகாம்களில் தங்கவேண்டி வந்தவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகள்தாம். எல்லிஸ் தீவின் விதி இங்கே தமிழ் பேசியது.

ரஜூலா 1974இல் உடைக்கப்பட்டது. பிறகு அந்தத் தடத்தில் ஓடிய சிதம்பரம், பிரான்ஸில் பாஸ்டர் என்ற பெயரோடு பிறந்த கப்பல், 1985இல் தீப்பிடித்தது. அத்தோடு பயணிகள் போக்குவரத்தும் நின்றது. அப்போதே விமானம் பலரைக் கொண்டுபோயிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற சிறு கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு சிவகங்கை. இப்போது ஏறுபவர்களுக்குப் படகு தேவையில்லை. ஆனால் ரஜூலாவுக்குப் படகோட்டியவர்களிலும் அதில் பாய் விரித்தவர்களிலும் சிலர் இன்னும் இருக்கலாம். பலருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். மலேசியாவில் பல வீடுகளில் அந்த டிரங்குப் பெட்டிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன, துறைமுகத்து ஒட்டுச்சீட்டோடு. இக்கருத்தரங்கின் முதல் அமர்வு அந்தப் பெட்டிகளைத் திறப்பது பற்றியதாக இருக்கட்டும்.