கூத்தனும் கூத்தியும்: மேடைப் பெண்ணைக் குறிக்கும் சொற்கள்



இங்கே செராசில் எம்.ஆர்.டி. ஏறுவோர் சில நிறுத்தங்களில் புக்கிட் பிந்தாங்கை அடைந்துவிடுவர். அங்குள்ள இரவு விடுதிகளில் பாடும் பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால், சொல்லில் ஓர் இளக்காரம் கலந்துவிடுகிறது. அந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது, அது மாறக்கூடியதா என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஒரு சொல் தன் பழைய பொருளினின்று தாழ்வதை இழிபொருட்பேறு என்றும், உயர்வதை உயர்பொருட்பேறு என்றும் மொழியியலார் கூறுவர். முன்னதற்கு வகுப்பறையில் நாம் காட்டும் சான்று ‘நாற்றம்’. நறுமணத்தைக் குறித்த அச்சொல் இன்று எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனினும் சிந்திக்கத்தக்க சான்று ஒன்று உண்டு. ‘கூத்தன்’, ‘கூத்தி’ என்னும் இரண்டும் ஒரே அடியிற் பிறந்தவை. ஒரே தொழிலைக் குறித்தவை. ‘கூத்தன்’ தில்லையில் ஆடும் இறைவனுக்குப் பெயராயிற்று. ஒட்டக்கூத்தர் என்னும் பெரும்புலவர் பெயரிலும் நின்றது. ‘கூத்தி’யோ காமக்கிழத்தியைக் குறிக்கும் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. தொழில் இழிவுடையது எனின் இரு சொல்லும் தாழ்ந்திருக்க வேண்டும். பெண்பால் விகுதி பெற்ற சொல் மட்டுமே வீழ்ந்தது.

‘கிளப்’ என்னும் கடன்சொல்லின் வரலாறும் இத்தகையதே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் ‘காப்பி கிளப்’ என்றால் சிற்றுண்டிச்சாலை. அதில் எந்தக் குறையும் ஒலிக்கவில்லை. பின்னர்த் திரைப்படத்தில் ‘கிளப் டான்ஸ்’ வந்தது. வில்லன் அமர்ந்திருப்பான், மங்கிய ஒளியில் ஒரு பெண் ஆடிப் பாடுவாள். இத்தகைய காட்சிகளுக்கு எல்.ஆர். ஈசுவரி பாடிய பாடல்கள் பல இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. குரலை விரும்பிய சமூகம், அக்குரலுக்குரிய பெண்ணைத் திரையில் நல்லவளாகக் காட்டத் தயங்கியது.

இதற்கு எதிர்த்திசையில் சென்ற சொல் ‘ஜாஸ்’. 1912–13ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் பேஸ்பால் செய்திகளில் அது துடிப்பு, வேகம் என்னும் பொருளில் தோன்றியது. பிறகு நியூ ஆர்லியன்சுக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசைக்குப் பெயராயிற்று. கீழ்த்தரமானது என்று பலர் ஒதுக்கிய அந்த இசையின் பெயரை, அமெரிக்க வழக்குமொழிக் கழகம் 2000ஆம் ஆண்டில் இருபதாம் நூற்றாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 2011இல் யுனெஸ்கோ ஏப்ரல் 30ஆம் நாளை உலக ஜாஸ் நாளாக அறிவித்தது. பாடியவர்கள் விடாது பாடினார்கள்; சொல் அவர்களோடு உயர்ந்தது.

தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் இத்தகைய உயர்வுக்குத் துணைநின்றிருக்கிறார். அவர் உஷா உதுப். 1947இல் பம்பாயில் பிறந்தவர். குரல் தடித்தது என்பதால் பள்ளி இசை வகுப்பில் பாட இடம் பெறாதவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்க வளாகத்திலிருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில், புடவை உடுத்தி மேலைநாட்டுப் பாடல்களைப் பாடினார். பின்னர்க் கல்கத்தா பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’ அவரை அழைத்தது. அங்கேதான் கேரளத்தைச் சேர்ந்த ஜானி உதுப்பைச் சந்தித்தார். அச்சந்திப்பு காதலாகித் திருமணத்தில் முடிந்தது. உதுப் என்னும் பெயரும் அதனால் வந்தது. பாட்டோ நிற்கவில்லை.

அரங்கில் தொடங்கும் காதல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அரங்கேறிய மாதவிக்கு அரசன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் அளித்தான். அவ்விலை பெறும் மாலையைக் கூனி தெருவில் கொண்டு நிற்க, கோவலன் அதனைப் பெற்று மாதவி மனை புகுந்தான். அரங்கால் கூடிய அவ்வுறவு கடற்கரையில் கானல்வரிப் பாட்டால் பிரிந்தது. அவள் பாடியது பாட்டு. அவன் கேட்டது வேறொருவன்மேல் வைத்த மனம். பாட்டின் பொருளைப் பாடியவள் ஒழுக்கமாகக் கேட்கும் செவியை இளங்கோவடிகள் அன்றே காட்டிவிட்டார்.

அச்செவி உஷா உதுப்பையும் விடவில்லை. 1980களின் முற்பகுதியில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் அவருடைய பாடல்களை ‘அபசம்ஸ்கிருதி’ என்றார். அரசு அரங்குகள் அவருக்கு மறுக்கப்பட்டன. அபகீர்த்தி, அபசகுனம், அபசுரம் ஆகிய சொற்களில் உள்ள அதே ‘அப’ இங்கு ஒரு பெண்ணின் வாழ்வுத்தொழில்மேல் ஏற்றப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார், வென்றார். 1990இல் ‘அஞ்சலி’ படத்தில் இளையராஜா இசையில் குழந்தைகளுக்காகப் பாடினார். இந்திய அரசு 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் அளித்தது. விடுதியில் பாடியதை அவர் மறைத்ததில்லை. அதனால்தான் மதிப்பு அவரோடு அவ்விடத்துக்கும் சேர்ந்தது.

நம் நாட்டிலும் ஓர் ஒப்பீடு உண்டு. பினாங்கின் ஆறுமுகம் உடன்பிறப்புகளான டேவிட்டும் லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவாக 1970களில் ஹாங்காங் விடுதிகளில் பாடினர். பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவராயினர். டேவிட் டத்தோ விருது பெற்றார். அவர்களைப் பற்றிப் பேசும்போது ‘விடுதி’ என்னும் சொல் நம் வாயில் இழிவாக ஒலிப்பதில்லை. கூத்தனுக்கும் கூத்திக்கும் இடையிலிருந்த அதே வேற்றுமையை இங்கும் காண்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, அகராதி ஒரு சொல்லைத் தாழ்த்துவதில்லை. வழங்குவோர் தாழ்த்தியதை அது பதிவு செய்கிறது. ஆகவே உயர்த்தும் ஆற்றலும் வழங்குவோரிடமே உள்ளது. வகுப்பில் ‘நாற்றம்’ கற்பிக்கும் நாளில் ‘கூத்தி’யையும் கற்பியுங்கள், ஏன் ஒன்று மட்டும் வீழ்ந்தது என்று மாணவரைக் கேளுங்கள். தடித்த குரலுடைய மாணவி ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவள் எந்த மேடையில் பாடினாலும் ‘பாடகி’ என்ற ஒரு சொல்லாலேயே அவளை அழைக்க நம் மாணவர் பழகட்டும்.