மாற்றியதை மட்டும் மறுபடி செய்வோம்

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

மதிய உணவு முடிந்த கையோடு கம்பைலரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்காவது கண் அசந்தால் அது என் குற்றமல்ல. வேறு பாட ஆசிரியர்களும் வந்திருப்பதால், எல்லோருக்கும் தெரிந்த விடைத்தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

60 விடைத்தாள்களைத் திருத்தி மதிப்பெண் பட்டியலும் போட்டுவிட்டீர்கள். ஒரு மாணவனுக்குக் கூட்டலில் 2 மதிப்பெண் விடுபட்டது தெரியவருகிறது. அந்தத் தாளைச் சரிசெய்வீர்கள்; பட்டியலில் அவன் வரியையும் வகுப்புச் சராசரியையும் மாற்றுவீர்கள். மற்ற 59 தாள்களைத் தொடக்கூட மாட்டீர்கள். கம்பைல் நேரத்தைக் குறைப்பது என்று உலகம் முழுக்க மெனக்கெடுவதெல்லாம் இந்த ஒரு காரியத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கத்தான்.

கம்பைலர், நம் பாடநூலில் நிரல்பெயர்ப்பி, நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. 11ஆம் வகுப்பு சி++ நிரல் 20 வரி இருக்கும். பொத்தானை அழுத்தியதும் முடிந்துவிடும். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய், ஆங்குலர் போன்ற ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கில் மாட்யூல் எழுதத் தொடங்கும்போதுதான் சிக்கல். அவர்கள் எழுதியது ஐந்தாறு கோப்புகள். அதோடு கம்பைலர் புரட்ட வேண்டிய பிறர் கோப்புகள் ஆயிரக்கணக்கில்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி, அரசு தந்த மடிக்கணினியில்தான் வேலை செய்கிறாள், சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்னாள்: "சார், ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள எதை மாத்தினேன்னே மறந்துபோகுது." பொறுமையாக இரு என்று சொல்லிவிடலாம். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு மாலையில் நூறு முறை மாற்றிப் பார்க்கிறான். இவள் பத்து முறை. ஆறு மாதம் கழித்து நேர்முகத் தேர்வில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். புது மடிக்கணினி வாங்கு என்பது நாம் சொல்லக்கூடிய பதிலும் அல்ல.

இந்தத் தொல்லை பழையது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறைக்குள் சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் கோபத்தோடு நுழைந்தார். ஏற்கெனவே திருத்திய பிழையை ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடியிருக்கிறார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து பிறந்தது 'மேக்' என்ற கருவி. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிக் கொடுத்தால், கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, மாறியதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது கம்பைல் செய்யும். 2003இல் இதற்காக ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

சார்ந்தவை என்ற சொல்லைக் கவனியுங்கள்; வில்லங்கமே அங்கேதான். நம் பள்ளிக் கால அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்றிருக்கும் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் ஒரு வகுப்புக்குத்தான் மாற்று ஏற்பாடு. ஒரே கணித ஆசிரியர் ஐந்து வகுப்புக்கும் போகும் பள்ளியில் மொத்த அட்டவணையும் ஆடிவிடும். நிரலும் அப்படியே. 2007இல் கூகுளில் ஒரு பெரிய சி++ நிரலை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 2000 கோப்புகள், மொத்தம் 4.2 மெகாபைட். ஒவ்வொரு கோப்பும் தலைப்புக் கோப்புகளை இழுக்க, அவை வேறு தலைப்புக் கோப்புகளை இழுக்க, கம்பைலரின் வாய்க்குள் போனது 8 ஜிகாபைட்டுக்கும் மேல். எழுதியதைப் போல் சுமார் 2000 மடங்கு! கோ என்ற மொழி பிறந்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம். அம்மொழியில் பயன்படுத்தாத ஒன்றை இறக்குமதி செய்தால் கம்பைலர் பிழை என்றே திருப்பி அனுப்பிவிடும். கண்டிப்பான தலைமையாசிரியர் மாதிரி.

மாணவியிடம் வருவோம். முதலில், அவள் தட்டச்சு செய்யும் கட்டளையைக் கேட்டேன். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும், இணையத்தில் வெளியிடுவதற்கான முழு பில்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது வேண்டாத நிரலை நீக்கி, இருப்பதைச் சுருக்கிக் கட்டித் தரும் வேலை. வெளியிடும் நாளில் செய்தால் போதும். எழுதும் நாளில் 'என்ஜி சர்வ்' என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டால், அது விழித்திருந்து மாறிய கோப்பை மட்டும் கவனிக்கும்.

அடுத்தது பதிப்பு. ஆங்குலர் 13ஆம் பதிப்பிலிருந்து முந்தைய கம்பைலின் விளைவை வட்டில் சேமித்து வைத்துக்கொள்கிறது. 17இலிருந்து புதிய புராஜெக்ட்களுக்கு, கோ மொழியில் எழுதப்பட்ட இஎஸ்பில்ட் என்ற வேகமான கருவியே இயல்பாக வருகிறது. அவளுடையது பழைய பதிப்பு, மேம்படுத்தினாள்.

மூன்றாவதுதான் பாடமாக நடத்தத் தக்கது. எல்லாவற்றையும் 'ஷேர்டு' என்ற ஒரே மாட்யூலில் போட்டு, அதையே எல்லா இடத்திலும் இறக்குமதி செய்திருந்தாள். ஐந்து வகுப்புக்கும் போகும் அந்தக் கணித ஆசிரியர்தான் இது. அதில் எதைத் தொட்டாலும் எல்லாம் மறுபடி சரிபார்க்கப்படும். 14ஆம் பதிப்பில் அறிமுகமான தனித்து நிற்கும் காம்பொனென்ட்களாக அதைப் பிரித்தாள். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதற்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் ஓட்டம் இன்றும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு சேமிப்புக்கும் பத்து விநாடிக்குள் முடிகிறது.

2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரையே கோ மொழிக்கு மாற்றி வருவதாக ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் அறிவித்தார். சுமார் 15 லட்சம் வரிகள் கொண்ட விஎஸ் கோடு நிரலுக்கு 77.8 விநாடி எடுத்தது 7.5 விநாடியானது என்று காட்டினார். மகிழ்ச்சிதான். ஆனால் எல்லாம் எல்லாவற்றையும் சார்ந்து கிடக்கும் நிரலை அந்த வேகமும் ரொம்ப நாள் காப்பாற்றாது என்பது என் எண்ணம்.

11ஆம் வகுப்புக்கு இதை ஒரே பாடவேளையில் காட்டலாம். ஒரு சி++ நிரலை இரண்டு கோப்பாகவும் ஒரு தலைப்புக் கோப்பாகவும் பிரியுங்கள். தலைப்புக் கோப்பில் தேர்ச்சி மதிப்பெண் 35 என்று ஒரு மாறிலி இருக்கட்டும். இரண்டு கோப்பும் அதைத் திரையில் அச்சிடட்டும். தனித்தனியாகக் கம்பைல் செய்து இணைத்து ஓட்டுங்கள். பிறகு 35ஐ 40 ஆக்கி, ஒரு கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்து இணைக்கச் சொல்லுங்கள். திரையில் 40 ஒரு வரியிலும் 35 அடுத்த வரியிலும் வரும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.