கடனை அடைப்பதே முதல் சேமிப்பு!



எதிரணி அம்மையார் ஒரு கேள்வி போட்டார்கள். "கடன் இருக்குன்னு சேமிக்காம விட்டா, பொண்ணு கல்யாணத்துக்கு நகைக்கு எங்கே போவீங்க?" எங்கே போவது? வெளியே வந்தால் உஸ்மான் ரோடு! (சிரிப்பு) பனகல் பார்க்கைச் சுற்றி நகைக்கடைக்கா பஞ்சம்? வாங்கின நகையை அடகு வைக்கவும் பக்கத்திலேயே கடை உண்டு. ஆட்டோச் செலவு மிச்சம்! (கைதட்டல்)

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் 30,000 ரூபாய் பாக்கி. மாதம் மூணு வட்டி. "மூணுதானே" என்கிறார் ஐயா. வருஷத்துக்கு 36 சாமி! மாதம் 900 ரூபாய் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, "சேமிக்கிறேன்" என்று 3,000 ரூபாய்க்கு நகைச் சீட்டு கட்டுகிறார். பதினோரு மாதம் போச்சு. சீட்டில் 33,000. கடைக்காரர் ஒரு தவணையைத் தம் கணக்கில் போட்டாலும் 36,000. இந்தப் பக்கம் வட்டியாகவே போனது 9,900. கடன் 30,000 மட்டும், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது! (சிரிப்பு)

அதே மனிதர் சீட்டை நிறுத்தி, இரண்டையும் சேர்த்து மாதம் 3,900 ரூபாய் கார்டுக்கே கட்டியிருந்தால்? ஒன்பதாவது மாதம் கடன் தீர்ந்தது. வட்டி மொத்தம் 5,000-கூட இல்லை. நான் தமிழ் வாத்தியார்தான், வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மயிலாப்பூர் ஃபண்டைச் சொன்னார்கள். 1872-ல் ஆரம்பித்தது, மத்தியதரக் குடும்பங்களுக்குச் சேமிக்கச் சொல்லிக் கொடுத்த நிதி, மறுக்கவில்லை. ஆனால் நிதி எப்படி நடக்கிறது? கடன் வாங்கிய உறுப்பினர் கட்டும் வட்டியிலிருந்துதான், பணம் போட்ட உறுப்பினருக்கு வட்டி. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால், வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட அவரே கூலியும் கொடுக்கிறார்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாத அரிசி, மருந்து, பிள்ளை ஃபீஸ், இதற்கு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்டல்காரரிடம் போய் நிற்பீர்கள். அவர் 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வாங்குவார்.

என் கதைக்கு வருகிறேன். தங்கை கல்யாணக் கடன். வீட்டில் சொல்லவில்லை, வாத்தியாருக்கு மானம் பெரிசு! மாதம் 500 ரூபாய் ஆர்.டி. கட்டி, அந்த ரசீதை மனைவியிடம் பெருமையாகக் காட்டுவேன். வட்டி கட்டிய ரசீதை ஒளித்து வைப்பேன். ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் அது மாட்டிக்கொண்டது. அவள் சண்டை போடவில்லை. பால் கணக்கு நோட்டை எடுத்து வந்து, "மொத்தம் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றாள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட அப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை ஐயா! சொன்னேன். எழுதிக்கொண்டாள். மறுநாள் ஆர்.டி.யை முறித்துக் கடனில் போட்டோம். மூன்று வருஷம், சினிமா இல்லை, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி. கடைசித் தவணை கட்டிய ரசீதை அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அம்மையாரே, நகை கேட்டீர்களே? அதற்குப் பிறகு வாங்கினோம். இதே உஸ்மான் ரோட்டில். ரொக்கத்துக்கு! (கைதட்டல்) நடுவர் மணி அடித்துவிட்டார்.