குப்பியில் வந்த சிலந்திகள்
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குட்டி பிளாஸ்டிக் குப்பிகள். 107 குப்பி, 107 உயிருள்ள சிலந்தி! மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து டரன்டுலாவாக இருக்கலாம் என்றார்கள் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தார். லைசென்ஸ் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. திருப்பி அனுப்பும்படி தபால்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அடையாறு நண்பர் ஒருவர், "என் பேரனும் இதைத்தான் கேட்டு ஒத்தக்கால்ல நிக்கறான், என்னப்பா சொல்றே?" என்றார். எட்டுக்கால் பூச்சிக்காக ஒற்றைக்கால்!

மெக்சிகோவின் சிவப்பு முட்டி டரன்டுலா வளை தோண்டி வாழும் பிராணி. பகலெல்லாம் உள்ளே, இருட்டினால் வளைவாசலில். அதற்குக் கண்ணாடித் தொட்டியின் அழகு வேண்டாம். தோண்ட ஆழமாக மண் வேண்டும். தேங்காய் நார்த்தூள் கலந்து, ஈரம் லேசாக. தொட்டி உயரமாக இருந்தால் ஆபத்து, ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர், அவ்வப்போது ஒரு வெட்டுக்கிளி போதும். சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. தி.நகர் ஃபிளாட்டில் மருந்தடிக்காத கரப்பான் ஏது? அந்த மருந்து சிலந்தியையும் கொல்லும்.

சட்டை உரிக்கும் முன் வாரக்கணக்கில் சாப்பிடாது. பையன் பயந்துபோய் இரையை உள்ளே விடுவான். உரித்த உடம்பு மெத்தென்றிருக்கும்போது அந்த இரையே அதைக் கடித்துவிடும். கையில் எடுத்துக் கொஞ்சவும் முடியாது. வயிற்று ரோமத்தை உதறும், அது கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். ஆண் பருவமடைந்தபின் அதிக நாள் இராது. பெண்ணோ இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். பேரன் வெளியூர் போய்விட்டால் யார் பார்ப்பது, தாத்தாவா?

இந்த இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்ததிலிருந்து, இப்படிப்பட்ட பிராணியை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றில்லாமல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்கும் ஆள் இருக்கும்வரை குப்பிகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தயவுசெய்து கிண்டிக் காட்டிலோ அடையாற்றங்கரையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள்.